தாலி ஏறிடுச்சு, தாள் ஏறல: கலிஃபோர்னியா கவுன்டி ஆபீஸில் எங்கள் கல்யாணப் பதிவு

எங்கள் கல்யாணத்துக்கு அவசரம் முகூர்த்தத்தால் வரவில்லை, விசாவால் வந்தது. நான் அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறேன். என் கணவர் இங்கே மாஸ்டர்ஸ் முடித்துவிட்டு, படிப்பு முடித்த மாணவர்களுக்குத் தரும் தற்காலிக வேலை அனுமதியான ஸ்டெம் ஓபிடியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வருஷா வருஷம் எச்-1பி லாட்டரியில் போட்டும் பெயர் விழவில்லை. ஆகஸ்ட் கடைசியோடு ஓபிடி முடிகிறது, அதற்குமேல் 60 நாள் அவகாசம். அந்த அவகாசம் முடிவதற்குள் ஐ-539 என்ற விண்ணப்பம் போட்டு எச்-4 விசா நிலைக்கு மாற வேண்டும், அதாவது என்னைச் சார்ந்தவராக. இதைக் கோவில்பட்டியில் இருக்கும் என் மாமியாருக்குப் புரியவைத்த நாளை மறக்க முடியாது. "அப்போ பொண்ணு விசாவுலதான் பையன் இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் அவரே "சரி, இருக்கட்டும், யாராவது ஒருத்தர் விசாவுல இருந்தா சரி" என்றார்.

எச்-4க்கு அடிப்படை ஆவணம் கல்யாணச் சான்றிதழ். கோயில் ரசீது, பத்திரிகை, தாலி கட்டும் போட்டோ எல்லாம் துணைக்கு வைக்கலாமே தவிர, அரசாங்கப் பதிவுக்கு ஈடாகாது. ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்தால் அவர் திரும்பி வர அமெரிக்க கான்சலேட்டில் விசா ஸ்டாம்பிங் வாங்குவது என்று தனித் தலைவலி. அதனால் பெற்றோரை விசிட்டர் விசாவில் வரவழைத்து, சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் ஒரு கோயிலில் வைகாசி முகூர்த்தத்தில் கல்யாணம் என்று முடிவு செய்தோம். அவருக்கு அப்போது ஒஹையோவில் கிளையன்ட் வேலை, மாதத்தில் சில நாள்தான் வருவார். ஆகவே கவுன்டி (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஆபீஸ், கோயில், வக்கீல் எல்லாமே என் தலையில்.

நம்ம ஊரில் முதலில் கல்யாணம், பிறகு சார்பதிவாளர் ஆபீஸில் பதிவு. இங்கே தலைகீழ். முதலில் கவுன்டி கிளார்க்கிடம் மேரேஜ் லைசன்ஸ் வாங்க வேண்டும், பிறகுதான் கல்யாணம். அந்த லைசன்ஸிலேயே சடங்கை நடத்தி வைத்தவரும் சாட்சியும் கையெழுத்துப் போட்டு, அது கவுன்டிக்குத் திரும்பிப் போய்ப் பதிவானால்தான் சான்றிதழ். லைசன்ஸ் வேறு, சான்றிதழ் வேறு. சடங்கு நடந்துவிட்ட பிறகு "பதிவு செய்துகொடுங்கள்" என்று கவுன்டியில் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. ஊரில் தாலி கட்டிவிட்டு வந்தவர்களுக்கும் இங்கே பதிவு கிடையாது. அவர்கள் ஊரில்தான் பதிய வேண்டும், தமிழ்நாட்டில் 2009ஆம் வருஷச் சட்டப்படி 90 நாளுக்குள்.

கலிஃபோர்னியாவில் லைசன்ஸ் வாங்குவது சுலபம்தான். குடியுரிமை கேட்க மாட்டார்கள், அந்த மாநிலத்தில் வசிக்க வேண்டும் என்பதில்லை, ரத்தப் பரிசோதனை இல்லை, காத்திருக்கும் காலமும் இல்லை. ஆன்லைனில் படிவத்தை நிரப்பிவிட்டு, அப்பாயின்ட்மென்ட் எடுத்து, இரண்டு பேரும் பாஸ்போர்ட்டோடு நேரில் போக வேண்டும். கட்டணம் கவுன்டிக்குக் கவுன்டி மாறும், எங்களுக்கு நூறு டாலருக்குப் பக்கத்தில் வந்தது. கையில் கொடுத்த நாளிலிருந்து 90 நாள் செல்லும். பப்ளிக், கான்ஃபிடென்ஷியல் என்று இரண்டு வகை உண்டு. கான்ஃபிடென்ஷியல் என்றால் ஏற்கனவே சேர்ந்து வாழ்கிறோம் என்று கையெழுத்துப் போட வேண்டும், சாட்சி தேவையில்லை, பிரதியைத் தம்பதி தவிர வேறு யாரும் சாதாரணமாக வாங்க முடியாது. பப்ளிக் என்றால் ஒரு சாட்சியாவது வேண்டும். அப்பா அம்மா வந்து இறங்குவதற்கு முன் "சேர்ந்து வாழ்கிறோம்" என்று எழுதிக்கொடுக்க எனக்கு மனசில்லை, அது உண்மையும் இல்லை. பப்ளிக்கே எடுத்தோம்.

படிவத்தில் நம்மவர்களை மடக்குகிற இடம் பெயர். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் கவுன்ட்டரில் அதிக நேரம் போனது இதில்தான். அவருடைய பாஸ்போர்ட்டில் கிவன் நேம் இடத்தில் ஒற்றைப் பெயர், சர்நேம் காலி. நம்மில் பாதிப் பேருக்கு இப்படித்தான். அமெரிக்க விசாவில் அந்த ஒற்றைப் பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டு முதல் பெயர் இடத்தில் எஃப்.என்.யூ, அதாவது முதல் பெயர் தெரியவில்லை என்று அடித்திருப்பார்கள். அது அவருக்கு வங்கி, வாடகை ஒப்பந்தம் என்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டு வந்தது. ஆபீஸில் அவரை "ஃப்னு" என்று கூப்பிட்ட மேனேஜர்கூட உண்டு. கவுன்ட்டரில் இருந்த அம்மா விசாவைப் பார்த்து அதையே அடித்தார். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து எங்கும் இல்லை, இது பெயரே இல்லை என்று நான் காட்டினேன். மேலதிகாரியைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு, முதல் பெயர் இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும் போட்டார்கள். இப்படி ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் முடிந்தால் கல்யாணத்துக்கு முன்பே பாஸ்போர்ட்டில் பெயரைப் பிரித்துவிடுங்கள். முடியாவிட்டால் லைசன்ஸ் அச்சாகும் முன் திரையைத் திருப்பிக் காட்டச் சொல்லி எழுத்து எழுத்தாகப் பாருங்கள். அச்சான பிறகு ஒரு எழுத்தைத் திருத்தவும் தனிப் படிவம், தனிக் கட்டணம், தனிக் காத்திருப்பு.

அடுத்தது பெற்றோர் பெயர். பிறந்தபோது இருந்த முழுப்பெயர் வேண்டும் என்கிறது படிவம். அம்மாவுக்குக் கல்யாணத்துக்கு முன் தாத்தாவின் இனிஷியல், பிறகு அப்பாவின் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயரே சர்நேம். எதைப் போடுவது? கவுன்ட்டரிலிருந்தே போன் செய்தேன். இங்கே காலை பத்து மணி, கரூரில் ராத்திரி பத்தரை. "அம்மா, கல்யாணத்துக்கு முன்னாடி உன் முழுப்பேர் என்ன?" "என்னடி இந்நேரத்துல கேக்கற கேள்வி? அதே பேர்தான்." "இல்லம்மா, தாத்தா பேரோட சேத்துச் சொல்லு." தூக்கக் கலக்கத்தில் தாத்தா பெயரை, சாதிப் பின்னொட்டோடு, பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் இருந்த மாதிரி ஒப்பித்தார். பின்னொட்டை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கொடுத்தேன். நீங்கள் இரண்டு பக்கத்து அப்பா அம்மா பெயர்களையும் விரிவாக்கிய வடிவில், ஆங்கில எழுத்துக்கூட்டலோடு, முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பிற்பாடு கிரீன் கார்டு வரை இதே எழுத்துக்கூட்டல்தான் துரத்தும்.

பெயர் மாற்றும் கட்டம் ஒன்று இருக்கிறது, அதை அலட்சியமாகத் தாண்டாதீர்கள். கல்யாணத்துக்குப் பிறகு நடுப்பெயரோ கடைசிப் பெயரோ மாற்ற விரும்பினால் லைசன்ஸ் வாங்கும்போதே அதில் எழுதிவிட வேண்டும். 2009லிருந்து கலிஃபோர்னியாவில் ஆண், பெண் இருவருக்குமே இந்த உரிமை உண்டு. லைசன்ஸ் கொடுத்த பிறகு மனம் மாறினால் அந்தத் தாளில் திருத்த மாட்டார்கள். நான் அப்பா பெயரையே வைத்துக்கொண்டேன். அவருக்கே சர்நேம் இல்லாதபோது நான் எதை வாங்கிக்கொள்வது?

லைசன்ஸைக் கையில் கொடுக்கும்போது ஒரு வழிகாட்டித் தாளும் கொடுத்தார்கள். கறுப்பு மையில் எழுத வேண்டும், அடித்தல் திருத்தல் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது, சடங்கு நடந்து பத்து நாளுக்குள் நடத்தி வைத்தவர் லைசன்ஸ் கொடுத்த கவுன்டிக்கே அதைத் திருப்பி அனுப்ப வேண்டும். கலிஃபோர்னியாவில் எங்கே வேண்டுமானாலும் கல்யாணம் செய்யலாம், ஆனால் தாள் போக வேண்டியது கொடுத்த கவுன்டிக்குத்தான். அந்த வழிகாட்டித் தாளையும் லைசன்ஸையும் தபால்தலை ஒட்டிய உறையையும் ஒன்றாகப் போட்டுக் குருக்களிடம் கொடுத்தேன். முகூர்த்தம் முடிந்ததும் என் தோழி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். குருக்கள் "நான் நிதானமா நிரப்பிப் போஸ்ட் பண்ணிடறேன்மா, நீங்க சாப்பிடப் போங்கோ" என்றார். அன்று அந்தக் கோயிலில் எங்களுக்குப் பின்னால் இன்னும் ஒரு கல்யாணம், ஒரு சீமந்தம். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

பெற்றோர் ஊருக்குத் திரும்பினார்கள், என் கணவர் ஒஹையோவுக்குப் போனார். நான் தபால் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டெக்சாஸில் கல்யாணம் செய்த தோழிக்கு, கவுன்டியில் பதிவான பிறகு லைசன்ஸை அவர்களே வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். நியூயார்க்கில் இருக்கும் அத்தை மகனுக்கும் பதிவுச் சான்று தானாகத் தபாலில் வந்தது. கலிஃபோர்னியாவில் அப்படி எதுவும் வராது. இதை லைசன்ஸ் கொடுத்த கவுன்ட்டரில் யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. தாள் போய்ச் சேர்ந்ததா, பதிவானதா என்று நமக்குத் தகவல் வராது. நாமாகப் பணம் கட்டிச் சான்றிட்ட பிரதி கேட்க வேண்டும், அதுதான் நமக்குக் கல்யாணச் சான்றிதழ். லைசன்ஸுக்குக் கட்டிய தொகையில் பிரதி அடங்காது.

இது தெரிந்ததும் தபாலில் பிரதிக்கு விண்ணப்பித்தேன். பப்ளிக் வகையில் பிரதியிலும் இரண்டு உண்டு. அதிகாரபூர்வப் பிரதி வேண்டுமென்றால் நான் அந்தத் தம்பதியில் ஒருத்தி என்று உறுதிமொழி கொடுக்க வேண்டும், தபாலில் அனுப்பினால் அதை நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். கலிஃபோர்னியாவில் நோட்டரி ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர்தான் வாங்கலாம், ஆனால் வீட்டுக்கு வரும் நோட்டரி வண்டிச் செலவு என்று அதற்குமேல் சேர்ப்பார். உறுதிமொழி இல்லாமல் யார் வேண்டுமானாலும் வாங்கக்கூடியது தகவல் பிரதி. அடையாளத்தை நிரூபிக்கச் செல்லாது என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும். ஆபீஸில் ஒருவர் அதை வாங்கிக் கொண்டுபோய்ப் பெயர் மாற்றப் பார்த்துத் திரும்பி வந்தார். கேட்கும்போதே அதிகாரபூர்வப் பிரதி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். தேடினால் விளம்பரமாக மேலே வரும் தனியார் தளங்களைத் தவிருங்கள், கவுன்டிக்கு நேராகக் கட்டும் தொகையின்மேல் தங்கள் சேவைக் கட்டணத்தையும் ஏற்றுவார்கள்.

சில வாரம் கழித்து உறை வந்தது. மெல்லிய உறை. உள்ளே இருந்தது, எங்கள் பெயரில் பதிவு எதுவும் இல்லை என்பதற்கான சான்று. பிரதி கிடைக்காவிட்டாலும் தேடிய கூலி என்று பணத்தை எடுத்துக்கொண்டு இப்படி ஒரு தாளைக் கொடுப்பது இங்கே சட்டப்படியான நடைமுறை. கழுத்தில் தாலி இருக்கிறது, போனில் அறுநூறு போட்டோ இருக்கிறது, அரசாங்கம் முத்திரை குத்தி உனக்குக் கல்யாணமே ஆகவில்லை என்கிறது. சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அவரைக் கூப்பிட்டேன், மீட்டிங்கில் இருந்தார். ராத்திரி பேசியபோது "கோயில்ல ஃபாலோ பண்ணியிருக்கலாமே" என்று ஒரு வார்த்தை சொன்னார். அதற்குமேல் அன்று நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஜூலை பாதி தாண்டியிருந்தது.

வக்கீலிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் கட்டினேன், இந்த மொத்தக் கதையில் அதிகம் வலித்த செலவு அதுதான். அவர் சொன்னதில் ஒரு பாதி நிம்மதி, ஒரு பாதி பயம். நிம்மதி என்னவென்றால், கல்யாணம் செல்லும். தம்பதியில் ஒருவர் அல்லாதவர் விதிமுறையைச் சரியாகச் செய்யவில்லை என்பதால் கல்யாணம் செல்லாமல் போகாது என்று கலிஃபோர்னியா குடும்பச் சட்டம் 306ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் செல்லுகிற கல்யாணம் வேறு, காட்டுகிற ஆவணம் வேறு. சான்றிதழ் இல்லாமல் ஐ-539 போட்டால் கூடுதல் ஆதாரம் கேட்டு ஆர்.எஃப்.இ வரும், நேராக நிராகரிக்கவும் செய்யலாம், அதற்குள் 60 நாள் அவகாசம் கரைந்துவிடும். முதலில் தாள் எங்கே என்று கண்டுபிடி என்றார்.

கோயில் குருக்களைப் போனில் பிடிப்பது ஒரு கலை. காலை பூஜை முடிந்து நடை சாத்திய பிறகு, மாலை திறப்பதற்கு முன், அந்த இடைவெளியில்தான் கிடைப்பார்கள். என் ஆபீஸ் மீட்டிங் எல்லாம் சரியாக அந்த நேரத்தில். ஒருவழியாகப் பிடித்தபோது அவர் டெக்சாஸில் இருந்தார். அங்கே ஒரு கோயிலில் கும்பாபிஷேகம், அதைத் தொடர்ந்து மண்டலாபிஷேகம், 48 நாள் முடியாமல் நகர முடியாது. "அன்னிக்கு சாயங்காலமே போஸ்ட் பண்ணிட்டேனேம்மா" என்றார். பொய்யில்லை என்று குரலிலேயே தெரிந்தது. கவுன்டியில் பதிவைக் கவனிக்கும் ரெக்கார்டர் பிரிவுக்குப் போன் செய்து, பல மெனுக்களைத் தாண்டி ஒரு மனிதக் குரலைப் பிடித்து, தேதியும் பெயரும் சொன்னேன். லைசன்ஸ் வந்ததாம். ஏற்கவில்லையாம். திருப்பி அனுப்பிய கடிதம் சடங்கை நடத்தியவரின் முகவரிக்குப் போயிருக்கிறதாம், அதாவது கோயிலுக்கு.

சனிக்கிழமை கோயில் ஆபீஸுக்குப் போனேன். தன்னார்வலராக உட்கார்ந்திருந்த மாமா ஒரு அட்டைப்பெட்டியைக் காட்டினார். காணிக்கை ரசீது, மின்சார பில், வாடகை மண்டப விசாரணை என்று எல்லாத் தபாலும் அதில். அடியில் இருந்தது எங்கள் லைசன்ஸ், கவுன்டியின் கடிதத்தோடு. காரணம் சடங்கு நடந்த தேதி. குருக்கள் ஊர் வழக்கப்படி முதலில் நாள், பிறகு மாதம் என்று 08/06 எழுதியிருக்கிறார். பிறகு இங்கே மாதம் முன்னால் வர வேண்டும் என்பது ஞாபகம் வந்து, அடித்துவிட்டுப் பக்கத்தில் 06/08 எழுதியிருக்கிறார். எட்டாம் தேதியா, ஆறாம் தேதியா, ஜூனா, ஆகஸ்டா என்பதல்ல பிரச்சினை. அடித்தல் இருந்தால் ஏற்க மாட்டார்கள், அவ்வளவுதான். சரிசெய்து அனுப்பவும் முடியாது, புதுத் தாள்தான் வாங்க வேண்டும். தேதி குழப்பத்துக்கு இங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பலியாக மாட்டார்கள், நாம்தான். குருக்கள், சாட்சி என்று யார் எழுதினாலும் எதிரே நின்று எழுதவையுங்கள். முதலில் ஜெராக்ஸ் பிரதியில் ஒரு முறை எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் தாளை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கவுன்டி கவுன்ட்டரில் கொடுங்கள், தபாலில் போட்டால் டிராக்கிங் எண்ணோடு போடுங்கள். அனுப்பும் பொறுப்பு சட்டப்படி நடத்தி வைத்தவருடையதுதான், ஆனால் கொண்டுபோய்க் கொடுப்பவர் யார் என்று எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

இப்படி ஆனால் வாங்க வேண்டியது டூப்ளிகேட் லைசன்ஸ். அதற்கு என்ன நடந்தது என்று நடத்தி வைத்தவர் உறுதிமொழி எழுதிக் கிளார்க் பிரிவில் கொடுக்க வேண்டும், ஒரு கட்டணமும் உண்டு. முதல் லைசன்ஸ் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷம் வரைதான் இந்த வழி திறந்திருக்கும். அதைத் தாண்டினால் கோர்ட் வரை போக நேரும் என்றார் கவுன்ட்டரில் இருந்தவர். லைசன்ஸ் கொடுப்பது கிளார்க் பிரிவு, திரும்பி வந்ததைப் பதிவு செய்வது ரெக்கார்டர் பிரிவு. பல கவுன்டிகளில் இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கும், ஆனால் ஒரு ஜன்னலில் இருப்பவருக்கு அடுத்த ஜன்னல் விவரம் தெரியாது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொண்ட பிறகுதான் என்னால் சரியான கேள்வி கேட்க முடிந்தது. "என் கல்யாணப் பேப்பர் எங்கே" என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். "சடங்கு முடிந்தது, லைசன்ஸ் ரெக்கார்டரால் திருப்பப்பட்டது, டூப்ளிகேட் வேண்டும்" என்று சொன்னால் எழுந்து வந்து படிவம் எடுத்துக் கொடுப்பார்கள்.

பிறகு ஓட்டம். படிவத்தை டெக்சாஸுக்கு ஓவர்நைட் கூரியரில் அனுப்பினேன், திரும்பி வர முகவரி எழுதிப் பணம் கட்டிய உறையையும் உள்ளே வைத்து. டூப்ளிகேட் கையில் வந்ததும் அதுவும் அதே வழியில் குருக்களிடம் போய் வந்தது. எங்கள் கவுன்டியில் சாட்சியும் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். தோழி இதற்குள் வேலை மாறி சியாட்டில் போயிருந்தாள், அங்கே ஒரு கூரியர். சாட்சியைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்திலேயே இருக்கக்கூடியவராகப் பாருங்கள். ஊருக்குத் திரும்பிவிடும் சித்தப்பா கௌரவத்துக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் எங்கள் தாள் கோவில்பட்டிக்குப் பறந்திருக்கும். குருக்கள் எழுதும்போது வீடியோ காலில் இருந்தேன். அவர் தேதியை எழுதும் முன் "மாசம் முன்னால, சரியாம்மா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேனாவை வைத்தார். எனக்கும் அவருக்கும் சேர்ந்தே வியர்த்தது.

நிரப்பிய தாளை அரை நாள் லீவு போட்டு நேரில் கொண்டுபோய் ரெக்கார்டர் ஜன்னலில் கொடுத்தேன். அங்கே இருந்த பெண்மணி மெல்ல, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். பதிவாக எவ்வளவு நாள், பிரதியை நேரில் வந்து வாங்க முடியுமா என்று அப்போதே கேட்டுக்கொண்டேன். நேரில் போனால் நோட்டரி வேண்டாம், அவர்கள் முன்னாலேயே உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவான பிறகு போய் அதிகாரபூர்வப் பிரதிகளை வாங்கினேன், எங்களுக்குப் பிரதிக்கு 17 டாலர் ஆனது. குறைந்தது மூன்று பிரதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அப்போஸ்டிலுக்கு (வெளிநாட்டில் காட்ட மாநில அரசு வைக்கும் முத்திரை) போனால் முத்திரையோடு ஒட்டப்பட்டுவிடும், ஒன்று அசலாகக் காட்ட, ஒன்று பீரோவில்.

ஐ-539 அவருடைய 60 நாள் அவகாசத்துக்குள், கொஞ்சம் மூச்சு விட இடமிருக்கும்போதே போனது. ஆன்லைனில் போட்டால் 420 டாலர், காகிதத்தில் போட்டால் 470. எங்கள் வக்கீல் காகிதத்தில் போட்டார், அது போக அவர் கட்டணம். தொலைந்ததைக் கணக்குப் பார்த்தால் கூரியர், டூப்ளிகேட், பதிவில்லை என்ற சான்றுக்குக் கட்டியது, நோட்டரி, வக்கீலின் அந்த ஒரு மணி நேரம் எல்லாம் சேர்த்து எண்ணூறு டாலருக்குமேல். என் வருஷ விடுமுறையில் பாதி அரை நாள் அரை நாளாகக் கவுன்டி வாசலில் போயிற்று. கோடைக்குப் போட்டிருந்த யோசமிட்டி பயணம் ரத்து, அந்த அறைக்கான முன்பணமும் திரும்பவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ஜோடி வேறு மாதிரி செய்தார்கள். முகூர்த்தத்துக்கு முந்தைய வாரமே கவுன்டி ஆபீஸில் சிவில் சடங்கு, ஒரு சாட்சி, பத்து நிமிஷம். தாள் அங்கேயே அந்த அலுவலர் கையால் நிரம்பி அந்தக் கட்டடத்திலேயே தங்கிவிட்டது. பிறகு கோயிலில் நிம்மதியாகத் தாலி. சட்டப்படி கல்யாண நாள் முந்தைய வாரத்துத் தேதியாகிவிடும், எல்லாப் படிவத்திலும் அதையே எழுத வேண்டும். பத்திரிகையில் ஒரு தேதி, சான்றிதழில் ஒரு தேதி என்று வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். விசா நெருக்கடி இருப்பவர்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன். என் மாமியாரிடம் இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது தனிக்கதை.

இந்தியாவில் காட்ட வேண்டியிருந்தால் பிரதிக்கு அப்போஸ்டில் வாங்க வேண்டும். அதைக் கவுன்டி கொடுக்காது, மாநில செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகம்தான் கொடுக்கும். சாக்ரமென்டோவிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் கவுன்ட்டர் உண்டு, தபாலில் என்றால் சாக்ரமென்டோ. ஒன்றுக்கு 20 டாலர், நேரில் போனால் சிறு கையாளும் கட்டணம் சேரும். இந்தியா 2005லேயே நாடுகளுக்கிடையிலான அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் சேர்ந்துவிட்டதால் அதற்குமேல் வேறு முத்திரை தேவையில்லை. நான் தபாலில் அனுப்பி வாங்கிவிட்டேன்.

எச்-4 விண்ணப்பத்துக்கு ரசீது வந்திருக்கிறது, முடிவு வரவில்லை. இப்போது புதுச் சிக்கல்: தை மாதம் அவர் தங்கைக்குக் கோவில்பட்டியில் கல்யாணம். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது அவர் நாட்டை விட்டுப் போனால் நிலை மாற்றக் கோரிக்கை கைவிடப்பட்டதாக எடுத்துக்கொள்வார்கள். போவதென்றால் சென்னை கான்சலேட்டில் எச்-4 ஸ்டாம்பிங் வாங்கித்தான் திரும்ப முடியும், அங்கேயும் இதே சான்றிதழைக் கேட்பார்கள். அது இருக்கிறது, அப்பாயின்ட்மென்ட் தேதிதான் கிடைக்கவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் அந்தத் தளத்தைத் திறந்து பார்க்கிறேன்.